ஐந்து மணிக்குப் பிறகு யார் போனை எடுப்பது?

எங்கள் அலுவலகத்தில் இந்த மாதம் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் களவேலை செய்கிற 15 பேர் கொண்ட சின்ன இடம். வேலை நேரம் முடிந்த பிறகு வருகிற கோல்களையும் மெசேஜ்களையும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஊழியர் கூட்டத்தில் நாலைந்து யோசனைகள் வந்தன. அவரவர் போனை அமைதியாக்கி வைப்பது, வேலைக்கென்று தனி சிம் எடுப்பது, மாலையானதும் வட்ஸ்அப் குறூப்பைப் பூட்டிவிடுவது, முறை வைத்து ஒருவர் மட்டும் போன் பார்ப்பது, இவை எதுவும் வேண்டாம், நாட்டில் சட்டம் வரும்வரை பொறுத்திருப்போம் என்பது. இதே கேள்வி இங்குள்ள பல அலுவலகங்களிலும் கடைகளிலும் பாடசாலைகளிலும் இருப்பதால், நான் எந்தப் பக்கம், ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடப்பது என்னவென்றால், இரவு 9.40க்குக் குறூப்பில் ஒரு மெசேஜ் விழும். “நாளைக் காலை 8 மணிக்கு முதல் பயனாளிகள் பட்டியல் வேணும், போட்டோவோட.” அடுத்த நிமிடமே ஒருவர் “ஓகே சேர்” போடுவார். பின்னால் வரிசையாக “ஓகே சேர்”, “நோட்டட் சேர்”, ஒரு கட்டைவிரல். பத்து நிமிடத்துக்குள் யார் போட்டார், யார் போடவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆரையம்பதியில் பிள்ளைகளுக்குப் பிட்டு அவித்துக்கொண்டிருக்கிற தங்கச்சி கையில் இருக்கிற மாவைத் துடைத்துவிட்டு “ஓகே சேர்” போடுகிறாள். அந்தப் பட்டியல் அவளுடைய பிரதேசத்துக்கு உரியதே இல்லை. ஆனாலும் போட வேண்டும். போட்ட பிறகு, தன்னுடைய பட்டியலில் ஏதாவது விடுபட்டிருக்குமோ என்ற யோசனை சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கூடவே வருகிறது.

மேலதிகாரி கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. அவரிடம் எட்டரை மணிக்குக் கொழும்பிலிருந்து கேட்டிருப்பார்கள். கொழும்பிடம் நிதி கொடுக்கிறவர்கள் கேட்டிருப்பார்கள். மேலிருந்து இறங்கி வருகிற அவசரம் கடைசியில் சம்பளம் குறைந்தவருடைய சமையலறையில் வந்து நிற்கிறது.

ஒரு இரவுக்கு அரை மணித்தியாலம் என்று வையுங்கள். வாரத்தில் ஆறு இரவு என்றால் 3 மணித்தியாலம், வருடத்துக்கு 156. எட்டு மணித்தியால நாளாகப் பிரித்தால் 19 நாளுக்கு மேல் வருகிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கொடுக்கிற வருட லீவு 14 நாள். லீவாகக் கொடுத்ததை விடக் கூடுதலான நாட்களை இரவில் துண்டு துண்டாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். அதே சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை போட்டிருக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குச் சம்பளம் என்கிறது. இரவில் போனில் பட்டியல் தேடிய நேரத்துக்கு அந்த ஒன்றரை மடங்கை யாராவது கணக்கில் எழுதியதை நான் பார்த்ததில்லை. 1954இல் கடைக் கதவை இழுத்து மூடினால் அன்றைய வேலை முடிந்தது. இன்று கதவை மூடிவிட்டு அலுவலகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

சட்டம் வரட்டும் என்கிற யோசனையிலிருந்து தொடங்குகிறேன். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் மற்ற நாடுகளின் சட்டங்களைப் பார்த்தால் எங்கள் முடிவுக்கே நல்ல பாடம் கிடைக்கிறது. பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி முதலாளியும் ஊழியர்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதித்தது. பேசி முடிவு வராவிட்டால் நிறுவனமே ஒரு சாசனம் எழுத வேண்டும். போர்த்துக்கல் வேறு வழியில் போனது. 2021இன் 83ஆம் இலக்கச் சட்டம், ஊழியர் ஓய்வில் இருக்கிற நேரத்தில் அவரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்கிறது. தவிர்க்கவே முடியாத பெரிய அவசரத்துக்கு மட்டும் விலக்கு. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் 26 முதல் உரிமை ஊழியர் பக்கம் இருக்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே வருகிற தொடர்பைப் பார்க்கவோ பதில் சொல்லவோ அவர் மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தாலொழிய. 15 பேருக்குக் குறைவான சிறிய நிறுவனங்களுக்கு அது ஒரு வருடம் தள்ளி 2025இல் வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணமோ 25 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் எழுதப்பட்ட கொள்கை ஒன்று இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது.

இந்த நான்கில் எது நல்லது? என் மனசுக்கு நெருக்கமானது போர்த்துக்கல். காரணம் எளிது. அவுஸ்திரேலியாவில் மறுக்க வேண்டியவர் ஊழியர். மறுக்கத் துணிவு வேண்டும். போர்த்துக்கலில் கோல் எடுக்காமல் இருக்க வேண்டியவர் மேலதிகாரி. பாரம் அனுப்புகிறவர் தலையில் இருக்கிறது. எங்கள் ஊரில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். இங்கே மேலதிகாரி என்பவர் வெறும் மேலதிகாரி மட்டுமல்ல. உங்களுடைய மாமாவோடு படித்தவராக இருப்பார், கோயில் நிர்வாகத்திலோ பள்ளிவாசல் நிர்வாகத்திலோ இருப்பார், உங்கள் தம்பிக்கு வேலை கேட்டுப் போக வேண்டிய வீடும் அதுவாகவே இருக்கும். “தங்கச்சி, சாப்பிட்டீங்களா? ஒரு சின்ன விசயம்தான்…” என்று அவர் கோல் எடுத்தால் எந்தச் சட்டப் பிரிவைச் சொல்லி மறுப்பது?

ஒன்ராறியோ மாதிரி வெறும் கொள்கைக் கடதாசி எழுதிச் சுவரில் ஒட்டுவது எனக்குப் பயமாகவே இருக்கிறது. கடதாசி இருக்கிறது என்று சொல்லி எல்லாம் பழையபடி நடக்கும்.

இலங்கையில் இப்படியொரு தனிச்சட்டம் இல்லை. இந்தியாவில் 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அதனால் காத்திருப்பது என்றால் இன்னும் எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. மேலும், ஓய்வு என்பது 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில் 24ஆம் உறுப்புரையாக ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒரு சின்ன அலுவலகம் தன் மட்டில் நடைமுறைக்குக் கொண்டுவர எந்தத் தடையும் கிடையாது.

சரி, இப்போது எங்கள் கைக்குள் இருக்கிற வழிகளைப் பார்க்கலாம்.

அவரவர் போனை அமைதியாக்குவதற்குச் செலவே இல்லை, இன்று இரவே செய்யலாம். வட்ஸ்அப் குறூப்பை 8 மணித்தியாலம், ஒரு வாரம், எப்போதும் என்று அமைதியாக்க முடியும். ஆண்ட்ரொயிட் போனில் இரவில் தானாக அமைதியாகும்படி நேரம் வைத்து, அம்மா அப்பாவின் கோல் மட்டும் கேட்கும்படி விடலாம். ஒரே இலக்கத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை வருகிற கோலை உள்ளே விடும் வசதியும் அதில் உண்டு. உண்மையான அவசரத்துக்கு அது பெரிய உதவி. இதை எல்லோரும் செய்து வைப்பது நல்லது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் இதையே அலுவலகத்தின் முடிவாக வைக்கக் கூடாது. யாரால் போனை அமைதியாக்க முடிகிறது என்று பாருங்கள். நிரந்தர நியமனம் உள்ளவர், வயதில் மூத்தவர், வேறு வருமானம் உள்ளவர். மார்கழியில் ஒப்பந்தம் முடிகிற பிள்ளையால் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பிள்ளைதான் முதல் ஆளாக “ஓகே சேர்” போடும். பலமுள்ளவர்கள் ஒதுங்க ஒதுங்க, பாரம் முழுக்கப் பலமில்லாதவர் மேல் இறங்கும். 15 பேரில் 8 பேர் அமைதியாகிவிட்டால் இரவு வேலை பாதியாகக் குறையாது. அது மிச்சம் 7 பேருக்கும் இரட்டிப்பாகும்.

தனி சிம் கொஞ்சம் மேலானது. இங்கே பெரும்பாலானோரிடம் இரண்டு சிம் போடுகிற போன்தான் இருக்கிறது. ஒரே ஆண்ட்ரொயிட் போனில் இரண்டு வட்ஸ்அப் கணக்கு வைக்கிற வசதியும் 2023 முதல் வந்துவிட்டது. மாலையில் வேலை சிம்மை நிறுத்திவிடலாம். இதில் பலர் கவனிக்காத இன்னொரு நன்மை இருக்கிறது. நாங்கள் எடுக்கிற படங்களில் பயனாளிகளின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சில நேரம் அடிபட்ட பெண்களின் முகம்கூட இருக்கும். அதே போனில் இரவு பிள்ளை விளையாடுகிறது. வேலைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று பிரிவது அந்த மக்களுக்கும் பாதுகாப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே சிம்மையும் ரீலோடையும் அலுவலகம் கொடுக்க வேண்டும் என்று கேட்பேன்.

ஆனால் இரவுக் கோலை இது தடுக்குமா? கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். வேலை சிம் வேலை செய்யவில்லை என்றால் வீட்டு இலக்கத்துக்கு எடுப்பார்கள். அதுவும் இல்லையென்றால் மச்சானுடைய இலக்கத்துக்கு எடுத்து “பக்கத்தில நிக்கிறாவா, ஒருக்கா குடுங்க” என்பார்கள்.

குறூப்பைப் பூட்டுவது ஜேர்மனியில் பெரிய கம்பனிகள் செய்து பார்த்த வழியின் சின்ன உருவம். வொக்ஸ்வாகன் 2011 முடிவில், வேலை முடிந்து அரை மணித்தியாலத்தின் பிறகு ஊழியர்களின் போனுக்கு மின்னஞ்சல் போகாமல் சேர்வரிலேயே நிறுத்த ஏற்பாடு செய்தது. மறுநாள் வேலை தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது மீண்டும் திறக்கும். டெய்ம்லர் 2014இல், லீவில் இருப்பவருக்கு வருகிற மின்னஞ்சலை விரும்பினால் தானாகவே அழித்துவிடவும், அனுப்பியவருக்கு வேறு ஒருவரின் முகவரியைச் சொல்லவும் வழி செய்தது. அழித்துவிடுவது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் லீவு முடிந்து வருகிறவர் முன்னால் மலையாகக் குவிந்து கிடக்காது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி.

எங்களால் சேர்வரை நிறுத்த முடியாது. மாலை 5 மணிக்குக் குறூப்பை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றலாம், அவ்வளவுதான். அப்படி மாற்றினால் “ஓகே சேர்” வரிசை நின்றுவிடும். அந்த ஒரு காரியத்துக்காகவே இதை ஆதரிக்கிறேன். ஆனால் இரவில் எழுதுகிறவரே அட்மின் என்றால் பூட்டின் சாவி அவரிடம்தானே இருக்கிறது? குறூப்பில் எழுதாதவர் தனியாக எழுதுவார். அதைவிட முக்கியமாக, எங்கள் வேலையில் உண்மையான அவசரம் வரும். 2024 நவம்பரில் வெள்ளம் வந்தபோது காரைதீவு, சம்மாந்துறைப் பக்கம் என்ன நடந்தது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் போன மத்ரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனது. அப்படிப்பட்ட இரவில் 5 மணிக்குப் பூட்டிய குறூப் பூட்டியபடியே இருக்க முடியாது. பூட்டுக்கு அவசரத்தையும் அலட்சியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அதனால்தான் நான் ரோஸ்டர் பக்கம், அதாவது முறை வைத்து ஒருவர் மட்டும் போன் பார்க்கிற யோசனையின் பக்கம், நிற்கிறேன். அலுவலகத்துக்கு ஒரு போன், ஒரு இலக்கம். வாரத்துக்கு ஒருவர் அதை வைத்திருப்பார். வேலை நேரத்துக்கு வெளியே கொழும்பு, பயனாளிகள், மேலதிகாரி எல்லோரும் அந்த இலக்கத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். 15 பேர் என்றால் ஒருவருக்கு வருடத்தில் மூன்று அல்லது நான்கு வாரம்தான் வரும். மிச்ச 48 வாரமும் அவர் போனைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. வைத்தியசாலையில் தாதியர் முறை வைத்து வேலை செய்கிறார்கள், மின்சார சபையில் செய்கிறார்கள். இது எங்கள் மக்களுக்குப் புரியாத புதுமை இல்லை.

ரோஸ்டரில் ஏமாற்றமும் நடக்கலாம். போன் வைத்திருக்கிறவருக்கு எதுவும் கொடுக்காமல் விட்டால், 15 பேரின் இலவச வேலையை ஒருவர் தலையில் கட்டியதாக முடியும். காத்திருப்பது வேலையா இல்லையா என்ற கேள்வி ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெல்ஜியத்தில் ஒரு தீயணைப்பு வீரர், அழைத்தால் 8 நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வர வேண்டும் என்ற கட்டளையோடு வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டிலிருந்த அந்த நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதே வருடம் பிரான்ஸில், வெளியூர்க் கிளை ஒன்றின் பொறுப்பாளராக இருந்தவரை எப்போதும் போனைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு அதற்குக் கொடுப்பனவு கொடுக்காத நிறுவனம், அவருக்கு 60,000 யூரோ கொடுக்க வேண்டி வந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்று. ஒருவர் மாமாங்கத் திருவிழாவுக்குப் போய் நிம்மதியாகத் தீர்த்தமாட முடியாமல், மகளை ரியூசனுக்கு ஏற்றிப் போகிற வழியிலும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்றால், கோல் வராவிட்டாலும் அவருடைய நேரம் அவரிடம் இல்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு தனித்தனிக் கொடுப்பனவு. போனை வைத்திருக்கிற ஒவ்வொரு இரவுக்கும் நிலையான ஒரு தொகை. கோல் வந்து வேலை செய்தால் அந்த நேரத்துக்குச் சட்டம் சொல்கிற ஒன்றரை மடங்கு. கூடவே, இரவு பத்து மணிக்குப் பிறகு வெளியே போக நேர்ந்தால் மறுநாள் காலை தாமதமாக வர அனுமதி. கணக்காளர் செலவு கூடுகிறதே என்பார். உண்மைதான், கூடும். இவ்வளவு நாளும் அந்தச் செலவை ஊழியர்கள் தங்கள் தூக்கத்திலிருந்து கொடுத்தார்கள். இனி அது புத்தகத்தில் தெரியும். ஒரு கோலுக்குக் காசு எழுத வேண்டும் என்று வந்தாலே பாதிக் கோல்கள் காலை எட்டரை வரை பொறுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

எது அவசரம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இங்கேதான் அவுஸ்திரேலியச் சட்டம் உதவுகிறது. தொடர்புகொள்ளக் காரணம் என்ன, எப்படித் தொடர்புகொண்டார்கள், எவ்வளவு இடைஞ்சல், அதற்குக் கொடுப்பனவு உண்டா, அந்த ஆளின் பொறுப்பு என்ன, வீட்டு நிலைமை என்ன என்று அது வரிசையாகப் பார்க்கச் சொல்கிறது. எங்கள் அளவுக்குச் சுருக்கினால், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து, வெள்ளம், புயல், ஊழியருக்கு விபத்து, பாதுகாப்பில் இருக்கிற பெண்ணோ பிள்ளையோ ஆபத்தில் இருப்பது. இவை அவசரம். பட்டியல், படம், ரிப்போர்ட், வரவுப் பதிவு, நாளைய கூட்டத்துக்கு வான் எத்தனை மணிக்கு என்பது, இவை அவசரமில்லை. நிதி கொடுக்கிறவர் கேட்டாலும் அவசரமில்லை. இந்தக் கடைசி வசனத்தைக் கொழும்பும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் எங்கள் முகாமையாளர் இரு பக்கமும் இடிபடுவார், அது அவருக்கும் அநியாயம்.

ஓய்வு நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது என்பதையும் யோசிக்க வேண்டும். காத்தான்குடி, கல்முனை ஆட்களுக்கு வெள்ளி ஜும்ஆ, நோன்பு மாதத்தில் மஃரிபிலிருந்து தராவீஹ் முடியும்வரை. தேவாலயம் போகிறவருக்கு ஞாயிறு காலை. படுவான்கரையில் வயல் உள்ளவருக்கு அறுவடைக் காலத்துச் சனியும் ஞாயிறும். “சனி, ஞாயிறு தொடர்புகொள்ளக் கூடாது” என்று கொழும்பிலிருந்து ஒரே வரியில் எழுதி அனுப்பினால் வெள்ளி மதியம் கோல் எடுக்க அனுமதி கொடுத்தது போலாகிவிடும். ரோஸ்டர் என்றால் ஆளுக்கேற்ப வாரத்தை மாற்றிக்கொள்ளலாம். நோன்பு மாதத்தில் தமிழ்ப் பிள்ளைகள் வைத்திருக்கட்டும், ஆடி அமாவாசை, பொங்கல், நத்தார் நேரம் முஸ்லிம் பிள்ளைகள் வைத்திருக்கட்டும். இங்கே ஒருவருக்கொருவர் இப்படி விட்டுக்கொடுத்துத்தான் பழக்கம். அதை எழுத்திலும் கொண்டுவருவோம்.

மூன்று பேர் வேலை செய்கிற கடைக்கு ரோஸ்டர் சரிவராது, அவர்களுக்குத் தனி சிம்மும் கடை பூட்டிய பிறகு முதலாளி எடுப்பதில்லை என்ற உறுதியும் போதும். பாடசாலைக்கு, பெற்றோர் குறூப்பை அட்மின் மட்டும் எழுதும்படி வைத்து, ஆசிரியர் பதில் சொல்கிற நேரம் இது என்று தவணைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம். வெளிநாட்டுக்கு ஒன்லைன் வேலை செய்கிற பிள்ளைகளின் இரவு வேறு கணக்கு, அதை இதோடு சேர்க்க முடியாது.

எங்கள் கூட்டத்தில் நான் ரோஸ்டருக்குக் கை உயர்த்துவேன். சிம்மும் குறூப் பூட்டும் அதற்குத் துணையாக இருக்கட்டும். தொடங்குவதை மழைக்கு முன்னால், புரட்டாதிக்குள் தொடங்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை போனில் ஒருவருக்குப் பதில் இருவர் இருக்க வேண்டிவரும், அந்த மாதங்களுக்குக் கொடுப்பனவும் அப்படியே கணக்கிட வேண்டும்.

இப்போது கையில் இருக்கிற வரைவில் 15 பேரின் பெயரும் இருக்கிறது. சாரதி அண்ணனின் பெயரும் அலுவலக உதவியாளரின் பெயரும் இல்லை, அவர்கள் ‘உத்தியோகத்தர்’ இல்லையாம். ராத்திரி வாகனம் வேண்டும் என்றால் முதலில் எழுப்புவது சாரதியைத்தான், திறப்பு வேண்டும் என்றால் உதவியாளரைத்தான். இரவுக் கொடுப்பனவு எவ்வளவு என்று பேசுவதற்கு முன் அந்த இரண்டு பெயரையும், மற்றவர்களுக்குரிய அதே தொகையோடு, வரைவில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறேன்.